கீழ் என்னும் ஒரு சொல்
(நுண்ணளவுகளை ஒப்பிட்ட வரலாறு பற்றிச் சில குறிப்புகள்)

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டத்தின் திங்கட்கூட்டம் ஒன்றில், தமிழில் நுண்மையைக் குறிக்கும் சொற்களைப் பற்றி உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உரையின் நிறைவில், பழந்தமிழ்க் கணக்கு நூல்கள் கூறும் ‘அணு’ என்னும் நீட்டலளவை இன்றைய நானோமீட்டருக்கு நிகரானது என்றும், அறிவியலார் அண்மையில் எட்டிய நுட்பத்தை நம் முன்னோர் விரற்கடையில் வைத்திருந்தனர் என்றும் கூறினேன். அரங்கம் கைதட்டியது. அடுத்த திங்கள் அன்பர் ஒருவர் அக்கருத்தையே பொருளாக்கிக் கவிதை படித்தார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது. அன்று நான் கூறியது பிழை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயற்குழுவினர் கேட்டபொழுது, ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலைச் சுருக்கித் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், கைதட்டியவர்களிடமே திருத்தத்தையும் சொல்வதுதான் முறை என்று பட்டது. இக்கட்டுரை அவ்வாறு பிறந்தது.

பிழை வெளிப்பட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உரை நிகழ்ந்த மறுவாரம், கல்லூரி ஆசிரியர் அறையில் இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர், “அம்மா, உங்கள் வாய்பாட்டின்படி ஓர் எள் எத்தனை மில்லிமீட்டர் வருகிறது?” என்று வினவினார். அணுவுக்கு விடை வைத்திருந்த என்னிடம் எள்ளுக்கு விடை இல்லை. “பார்த்துச் சொல்கிறேன் ஐயா” என்று கூறி வகுப்புக்குச் சென்றுவிட்டேன்.

அவ்வாய்பாடு நம்மில் பலரும் அறிந்ததே. அணு எட்டுக் கொண்டது ஒரு தேர்த்துகள். தேர்த்துகள் எட்டு ஒரு பஞ்சுத்துகள். அது எட்டு ஒரு மயிர்நுனி. அது எட்டு ஒரு நுண்மணல். அது எட்டு ஒரு சிறுகடுகு. அது எட்டு ஓர் எள். எள் எட்டு ஒரு நெல். நெல் எட்டு ஒரு விரல். பின்னர் விரல் பன்னிரண்டு ஒரு சாண், சாண் இரண்டு ஒரு முழம் என மேலேறும். சாண் ஒன்பது அங்குலம் என்று கொண்டால் விரல் ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டர். எட்டை எட்டு முறை பெருக்க 1,67,77,216 வரும். விரலை இத்தனை கூறிட்டால் ஒரு கூறு 0.0000000011 மீட்டர். நான் மேடையில் முழங்கியது இதைத்தான்.

இவ்வாறு சுழியங்களை வரிசையாக நிறுத்தி எழுதினால் கண் மயங்கும். எண்ணும்பொழுது ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆகவே அறிவியலார் 1.1×10⁻⁹ மீட்டர் என்று எழுதுகின்றனர். ஒன்றுக்குக் குறையாமலும் பத்தை எட்டாமலும் ஓர் எண் முன்னே நிற்கும். பத்தின் தலைமேல் ஏறிய சிற்றெண் அடுக்கு எனப்படும். அதன் முன் நிற்கும் குறைக்குறி, பத்தால் அத்தனை முறை வகுத்தோம் என்பதைக் காட்டும். இரண்டு நுண்ணளவுகளை ஒப்பிட வேண்டுமாயின் முதலில் அடுக்கையே நோக்க வேண்டும். அடுக்கு ஒத்திருந்தால் மட்டுமே முன்னெண்ணை நோக்க வேண்டும். கவிஞர் பெருமக்கள் இங்கே சற்று விழிப்பாக இருத்தல் நன்று. 2020-இல் உலகை முடக்கிய நச்சுயிரியின் குறுக்களவு ஏறத்தாழ 1×10⁻⁷ மீட்டர். நம் குருதியின் செவ்வணு ஏறத்தாழ 7.5×10⁻⁶ மீட்டர். ஆறினும் ஏழு பெரிதென்று பழகிய கண்ணுக்கு நச்சுயிரியே பெரிதாகத் தோன்றும். குறைக்குறியின்பின் எண் பெருகப் பெருகப் பொருள் சிறுகும். செவ்வணு நச்சுயிரியைப்போல் எழுபத்தைந்து மடங்கு அகலம் உடையது.

இக்குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்பாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தேன். நெல்லின் அகலம் 2.4×10⁻³ மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். பத்து நெல்லைப் பக்கம் பக்கமாக அளவுகோலின்மேல் அடுக்கினேன். இரண்டரைச் சென்டிமீட்டர் வந்தது. வாய்பாடு பிழைக்கவில்லை. அடுத்த படி எள். வாய்பாட்டின்படி அது 3×10⁻⁴ மீட்டராதல் வேண்டும். அடுக்களையிலிருந்து பத்து எள்ளை எடுத்துக் குறுக்காக அடுக்கினேன். இரண்டு சென்டிமீட்டர் வந்தது. ஆகவே ஓர் எள் 2×10⁻³ மீட்டர். வாய்பாடு கூறுவதைப்போல் ஏழு மடங்கு. அடுத்தது கடுகு. வாய்பாட்டில் அது 3.7×10⁻⁵ மீட்டர், என் டப்பாவில் இருந்த கடுகு 1.5×10⁻³ மீட்டர், நாற்பது மடங்கு வேறுபாடு. மயிர்நுனிக்கு வாய்பாடு தருவது 5.8×10⁻⁷ மீட்டர், மாந்தரின் தலைமயிர் ஏறத்தாழ 7×10⁻⁵ மீட்டர் தடிப்புடையது, நூற்றிருபது மடங்கு வேறுபாடு. நுனி வேறு, தடிப்பு வேறு என்று வாதிடலாம். எள்ளுக்கும் கடுகுக்கும் அவ்வாதம் செல்லாது.

ஆக, முதற்படி ஒன்றே அளந்தறியப்பட்டது. அதற்குக் கீழுள்ளவை யாவும் எட்டால் வகுத்து வகுத்துப் பெற்றவை; ஒவ்வொரு வகுத்தலுக்கும் உலகில் காணும் சிறுபொருள் ஒன்றன் பெயர் சூட்டப்பட்டுள்ளது. உண்மைப் பொருளுக்கும் வாய்பாட்டுக்கும் உள்ள இடைவெளி படிதோறும் விரிந்துகொண்டே போகிறது. இந்நிலையில் கடைசிப் படி நானோமீட்டரை ஒத்திருப்பது தற்செயல். அத்தற்செயலும் எல்லாப் பாடங்களிலும் நிலைப்பதில்லை. எள்ளை விடுத்து, எட்டுக் கடுகு ஒரு நெல் என்று கூறும் பாடமும் உண்டு. அதில் ஒரு படி குறைவதால் அணு 9×10⁻⁹ மீட்டராகப் பருத்துவிடுகிறது. ஓர் எள்ளை நீக்கினால் எட்டு மடங்காகும் அணுவை வைத்துக்கொண்டு நான் மேடையில் என்ன மெய்ப்பித்தேன் என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

இவ்வேணி தமிழுக்கே உரியதும் அன்று. வடமொழியில் பொருள்நூலாகிய அர்த்தசாத்திரம் எட்டு அணுவைத் தேர்ச்சக்கரத்து எழும் துகள் ஒன்றாகக் கொண்டு, ஈர், பேன், வாற்கோதுமையின் நடு எனப் படிப்படியாக ஏறி விரலை அடைகிறது. அங்கே படிகள் ஐந்தே. எனவே அந்நூலின் அணு 5.8×10⁻⁷ மீட்டர் ஆகிறது. நம் வாய்பாட்டின் மயிர்நுனி நிற்கும் அதே இடம். பௌத்தரின் லலிதவிஸ்தரமோ எட்டை விடுத்து ஏழேழாக ஏறுகிறது. தேர்த்துகள் என்ற சொல் நம் வாய்பாட்டில் ஏன் வந்தது என்பதற்கும் இவ்வொப்பீடு விளக்கம் தருகிறது. சாளரத்தின் வழியே வரும் வெயிற்கற்றையில் மிதக்கும் தூசியைக் கண்டவர்கள், ‘இதனினும் சிறியது ஒன்று இருத்தல் வேண்டும்’ என்று கருதி இறங்கிச் சென்றனர். அக்கருத்துப் பெரியது, அதனை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் கருத்து வேறு, அளவு வேறு.

நீட்டலளவையை விட்டுக் கீழ்வாய் எண்களுக்கு வருவோம். தமிழரின் உண்மையான நுண்கணக்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

என் தந்தையைப் பெற்ற தாத்தா 1930-களில் திண்ணைப் பள்ளியில் பயின்றவர். எண்பது வயதிலும் முந்திரி வாய்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. முந்திரி இரண்டு அரைக்காணி. அரைக்காணி இரண்டு காணி. காணி நான்கு மா. மா ஐந்து கால். மாகாணி என்பது பதினாறில் ஒன்று; மாவையும் காணியையும் கூட்டிப் பாருங்கள், பெயரிலேயே கணக்கு இருக்கும். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்த நான் பின்னங்களைக் கூட்டக் காகிதத்தில் பொது வகுவெண் தேடிக்கொண்டிருக்கையில், தாத்தா திண்ணையில் அமர்ந்தவாறு விடையைச் சொல்லிவிடுவார். விடை சரியாகவே இருக்கும். ஆனால் என் ஆசிரியைக்கு அம்மொழி விளங்காது. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயாபைசா ஆனபொழுது, பதினாறணாக் கணக்கோடு ஒட்டி வாழ்ந்த வீசமும் மாகாணியும் வழக்கொழியத் தொடங்கின. பதின்மக் கணக்கால் விளைந்த நன்மைகளை யாரும் மறுக்க இயலாது. எனினும் தாத்தா அதனை ஓர் இழப்பாகவே கடைசிவரை பேசிவந்தார்.

முந்திரிக்குக் கீழே என்ன? இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று பெயர் சூட்டும் வழி. கீழ்முந்திரி, இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம், நாகவிந்தம், சிந்தை, கதிர்முனை, குரல்வளைப்படி, வெள்ளம், நுண்மணல், தேர்த்துகள் எனச் செல்லும் வரிசை அது. பெயர்கள் ஒவ்வொன்றும் கவிதைக்கு ஏங்குபவை. ஒப்பிடப் புகுந்தால்தான் இடர். இவ்வரிசையின் அணு 16,55,80,800-இல் ஒரு பங்கு, அதாவது 6×10⁻⁹. வரிசையின் கடைசியில் நிற்கும் தேர்த்துகள் 4.3×10⁻²². நீட்டலளவையில் எட்டு அணுவைத் தன்னுள் அடக்கிய தேர்த்துகள், இங்கே அணுவினும் பத்து இலட்சம் கோடி மடங்குக்குமேல் சிறுத்து நிற்கிறது. பெயரை மட்டும் கேட்டு எது பெரிது, எது சிறிது என்று சொல்ல முடியாது. வெள்ளம் இன்னும் வியப்புக்குரியது. பேரெண்களின் வரிசையில் கணக்கிலடங்காப் பெருக்கத்தைக் குறிக்கும் அச்சொல், இச்சிற்றெண் வரிசையில் 2.8×10⁻¹⁹ என்னும் நுண்மையைக் குறிக்கிறது. இம்மியின் மதிப்பிலும் ஒருமை இல்லை. கீழ்முந்திரியில் இருபத்தொன்றில் ஒரு பங்கு என்போர் கணக்கில் அது 4.65×10⁻⁷, 10,75,200-இல் ஒன்று என்போர் கணக்கில் 9.3×10⁻⁷. அடுக்கு ஒன்றே, முன்னெண் சரியாக இரு மடங்கு. ‘இம்மியும் பிசகாது’ என்று நாம் எழுதுகிறோம். இம்மியே இரு மடங்கு பிசகி நிற்கிறது.

மற்றொன்று கல்வெட்டு வழி. நான் மேடையில் பேசாது விட்டதும், பேசியிருக்க வேண்டியதும் இதுவே. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் காலத்து நிலங்களின் பரப்பு குறிக்கப்படுமிடங்களில், வேலியும் மாவும் காணியும் முந்திரிகையும் கூறி, அதற்குமேலும் எஞ்சுவதை ‘கீழ்’ என்ற சொல்லை இட்டுத் தொடர்கின்றனர். கீழ் என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. கீழ் அரை என்றால் முந்நூற்றிருபதில் ஒன்றின் பாதி. அங்கும் முந்திரிகைவரை சென்று இன்னும் எஞ்சினால் மீண்டும் ஒரு ‘கீழ்’. புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. பழகிய அரை, கால், மா, காணி என்னும் சொற்களே ஒவ்வொரு தளத்திலும் திரும்ப வந்து பணிசெய்யும். எத்தனை ‘கீழ்’ என்பதை எண்ணினாற் போதும், எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பது புலனாகும்.

பத்தின் தலைமேல் அமரும் குறை அடுக்கு செய்யும் தொழிலும் இதுவே அன்றோ? அங்கே அடி பத்து. இங்கே அடி முந்நூற்றிருபது. அங்கே குறி, இங்கே சொல். இரண்டு பரப்புகளை ஒப்பிடுகையில், முதல் தளத்தில் வேறுபாடு தோன்றினால் கீழுள்ளவற்றைப் படிக்கவே வேண்டியதில்லை. அடுக்கை முதலில் நோக்கு என்னும் விதி கல்வெட்டிலேயே செயற்படுகிறது. பெயர்வரிசையில் இவ்வசதி இல்லை. அதில் ஒரு பெயரை மறந்தால் கணக்கே நின்றுபோகும்.

இக்கல்வெட்டுகளில் வரும் மிகச்சிறு நிலப்பகுதி ஒரு வேலியில் 5242,88,00,000-இல் ஒரு பங்கு என்று கல்வெட்டறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவ்வெண்ணைப் பிரித்துப் பார்த்தால் மகிழ்ச்சி தோன்றும்: முந்நூற்றிருபதை நான்கு முறை தன்னோடு பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கக் கிடைப்பது அது. நான்கு கீழ்களுக்கு அடியில் ஒரு நாலுமா. இன்றைய குறியீட்டில் 1.9×10⁻¹¹. வேலியை 6.6 ஏக்கர் என்று கொண்டால் அந்நிலப்பகுதி 5×10⁻⁷ சதுர மீட்டர். அதாவது அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகை வைத்தால் அந்நிலம் மறைந்துவிடும்.

இதனைக்கொண்டு சோழர் அரை மில்லிமீட்டர்க் கோலால் வயலை அளந்தனர் என்று யாரேனும் மேடையேறிக் கூறுவாராயின், முதலில் எழுந்து மறுப்பவள் நானாகவே இருப்பேன். வரப்பின் ஓரம் ஒரு மழைக்கு எத்தனை விரல் கரையும் என்பது உழவர் அறிந்ததே. இச்சிறு பங்கு கோலால் வந்ததன்று, கழித்தலால் வந்தது. மொத்தப் பரப்பிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கோயில் முதலிய இறையிலிப் பகுதிகளைக் கழிக்கையில் எஞ்சிய பின்னத்தைத் தள்ளிவிடாமல் எழுதினர். இறை கட்டும் நிலமும் கட்டாத நிலமும் கூட்டினால் மொத்தம் சரியாக வந்தாக வேண்டும் என்னும் கணக்கரின் பிடிவாதமே அரைச் சதுர மில்லிமீட்டராகக் கல்லில் நிற்கிறது. என்னை இப்பிடிவாதம் கவர்கிறது. நானோமீட்டர்ப் பெருமையினும் இது மெய்யானது.

மேலைநாட்டில் குறை அடுக்கு நிலைபெற்ற கதையை விரிக்க இடமில்லை. பிரான்சு நாட்டு நிக்கோலா சுக்கே 1484-இல் எழுதிய கையெழுத்துப்படியில் குறை அடுக்குகள் உள்ளன. அது 1880-இல்தான் அச்சேறியது. 1585-இல் சைமன் ஸ்டெவின் பதின்மப் பின்னங்களை மக்களுக்கு விளக்கிச் சிறுநூல் வெளியிட்டார். 1637-இல் தெக்கார்த்து அடுக்கெண்ணைத் தலைமேல் ஏற்றி எழுதும் முறையை நிலைநாட்டினார். 1676-இல் நியூட்டன் தம் மடலில் குறை அடுக்குகளைத் தயக்கமின்றிக் கையாண்டார். கருவி ஆயத்தமாயிற்று, அளப்பதற்குரிய பொருள்தான் வர வேண்டியிருந்தது.

அது 1865-இல் வந்தது. ஆஸ்திரிய நாட்டு யோசப் லோஷ்மிட்டு, வளியின் இயக்கத்தையும் அது நீர்மமாகச் சுருங்கும் அளவையும் கொண்டு வளிமூலக்கூறொன்றின் குறுக்களவைக் கணித்தார். அவர் பெற்ற விடை ஏறத்தாழ 10⁻⁹ மீட்டர். நம் வாய்பாட்டின் அணுவும் அதே 10⁻⁹ மீட்டர் அல்லவா என்று அன்று நான் மகிழ்ந்திருப்பேன். லோஷ்மிட்டின் எண்ணும் துல்லியமானதன்று. உண்மையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிது. ஆனால் அப்பிழையைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. அவர் எவ்வெவற்றை அளந்தறிந்த உண்மைகளாகக் கொண்டார் என்பது தெரிந்திருந்ததால் பின்வந்தோர் திருத்தினர். எட்டால் வகுத்த நம் அணுவைத் திருத்த யாருக்கும் பிடி இல்லை. அதனைச் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிக் கூறாமல் செல்ல எனக்கு மனமில்லை. ஆக்னஸ் பொக்கல்ஸ் 1862-இல் பிறந்தவர்; செருமனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம். பிணியுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டு, அடுக்களையில் பாத்திரம் கழுவும் நீரின்மேல் படரும் நெய்ப்படலத்தைக் கவனித்தவர், 1880-களின் தொடக்கத்தில் தகரத் தொட்டி ஒன்றைத் தாமே அமைத்தார். நீர்ப்பரப்பின்மேல் தகரப் பட்டை ஒன்றை நகர்த்திப் படலத்தை நெருக்கினால், ஓர் எல்லையில் நீரின் பரப்பு இழுவிசை சட்டென மாறுவதைக் கண்டார். அவ்வெல்லையில்தான் மூலக்கூறுகள் ஒற்றை அடுக்காக நெருங்கி நிற்கின்றன என்பது பின்னர் விளங்கியது. 1890-இல் இங்கிலாந்தின் ரேலே பிரபு, 84 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தொட்டியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த எண்ணெயைப் பரப்பி, படலத்தின் தடிப்பு 1.6×10⁻⁹ மீட்டர் என்று கணக்கிட்டார். அதனை அறிந்த பொக்கல்ஸ் 1891 சனவரியில் தம் கண்டுபிடிப்புகளை அவருக்கு மடலாக எழுதினார். ரேலே அம்மடலைத் தம் துணைவியாரைக் கொண்டு ஆங்கிலமாக்குவித்து ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். அவ்வாண்டு மார்ச்சிலேயே அது வெளிவந்தது. பத்தாண்டுக் காலம் அடுக்களையில் கிடந்த அளவீடுகள் அவை. கையில் முன்னரே இருந்ததைத் தமதென்று முந்திக்கொள்ளும் குரல் அம்மடலில் இல்லை. 1932-இல், எழுபது வயதில், பிரவுன்ஷ்வைக்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. முனைவர் பட்டத்தைப் பெயருக்கு முன்னே இட்டுக்கொண்டு எள்ளை அளக்காமல் மேடையேறிய எனக்கு இவ்வரலாறு கூச்சம் தருகிறது.

இயற்பியல் பேராசிரியரிடம் நெல், எள், கடுகு ஆகியவற்றின் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “கடுகு பெரிய கடுகா, சிறு கடுகா?” என்றார். இரண்டையும் மீண்டும் அளந்தேன். சிறுகடுகிலும் வேறுபாடு இருபத்தைந்து மடங்குக்குக் குறையவில்லை. என் உரையை வைத்துக் கவிதை யாத்த அன்பரிடமும் செய்தியைச் சொன்னேன். “அம்மா, நானோவை எடுத்துவிடுகிறேன், தேர்த்துகளை மட்டும் விட்டுவிடுங்கள்” என்றார். தேர்த்துகளை அவரிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை ஏது?

தாத்தாவின் எண்சுவடியில் கீழ்வாய் இலக்கப் பக்கங்கள் செல்லரித்துவிட்டன. இம்மிக்கு எந்தெந்தச் சுவடி எந்த மதிப்பைத் தருகிறது என்று தொகுத்து வருகிறேன். அன்பர்கள் இல்லங்களில், பரணிலோ பழம்பெட்டியிலோ, ஓலையாகவோ அச்சுப்படியாகவோ எண்சுவடி கிடக்குமாயின் கூட்டத்திற்கு எடுத்துவருமாறு வேண்டுகிறேன். அங்கேயே பார்த்துப் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவேன்.